குப்பை அள்ளினா படகு ஃப்ரீ! கோபன்ஹேகன் போடும் கணக்கு சரிதானா?

படகு வாடகைக்கு எடுக்கலாம்னு கார்டை நீட்டுறீங்க. "காசு வேண்டாம், இந்த வாளியை வெச்சுக்கோங்க. தண்ணியில மிதக்குற குப்பையை எடுத்துட்டு வாங்க, போதும்"னு சொன்னா எப்படி இருக்கும்?

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன் டூரிஸ்ட்டுகளிடம் அப்படித்தான் சொல்கிறது. இந்தத் திட்டத்தின் பெயர் 'கோபன்பே'. 2024 ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 11 வரை, 24 இடங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. நகரத் தோட்டத்தில் வேலை செய்தால் மதியச் சாப்பாடு. சைக்கிளிலோ பஸ்ஸிலோ வந்தால் 'கோபன்ஹில்' சரிவில் கொஞ்ச நேரம் இலவசப் பனிச்சறுக்கு. பிளாஸ்டிக் கழிவோடு வந்தால், தேசிய ஓவியக் காட்சியகத்தில் அதையே கலைப்பொருளாக மாற்றும் பயிற்சி. பெரிய சோதனையெல்லாம் கிடையாது. ரயில் டிக்கெட்டையோ, வந்த சைக்கிளையோ காட்டினால் போதும். எல்லாம் நம்பிக்கைதான்.

அந்த நாலு வாரத்தில் 75,000 பேர் கலந்துகொண்டதாகச் சொல்கிறது, திட்டத்தை நடத்தும் 'வொண்டர்ஃபுல் கோபன்ஹேகன்' என்ற சுற்றுலா அமைப்பு. 2025 கோடையில் 90-க்கும் மேற்பட்ட இடங்கள் சேர்ந்தன. ஜூன் நடுவில் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை நடந்தது.

அபராதமா, அன்பளிப்பா?

அதே 2024-ல மத்த ஊர்கள் என்ன செஞ்சுதுன்னு பாருங்க. வெனிஸ், ஒருநாள் பயணமாக வருபவர்களிடம் குறிப்பிட்ட நாள்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கியது. ஆம்ஸ்டர்டாம், ஹோட்டல் கட்டணத்தின் மீதான சுற்றுலா வரியை 12.5 சதவிகிதமாக உயர்த்தியது. பார்சிலோனாவில் உள்ளூர் போராட்டக்காரர்கள் டூரிஸ்ட்டுகள் மீது தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சியடித்தார்கள். "வராதே" என்பதை ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னபோது, "வா, வந்தா இப்படி நடந்துக்கோ" என்றது கோபன்ஹேகன்.

ஆனா, இது சலுகையால மட்டும் நடக்கிற மேஜிக் இல்ல. டூரிஸ்ட் தைரியமாக சைக்கிள் எடுப்பதற்குக் காரணம், அங்கே ஏற்கெனவே இருக்கும் தனி சைக்கிள் பாதைகள். அந்தப் படகு ஓடும் துறைமுகத் தண்ணீரும் ஒரு காலத்தில் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்துதான் கிடந்தது. பல வருஷம் செலவழித்து சுத்தம் செய்த பிறகுதான், 2002-ல் அங்கே குளியல் துறையே திறந்தார்கள். அதெல்லாம் டூரிஸ்ட்டுக்காகச் செய்ததில்லை, ஊர்க்காரர்களுக்காகச் செய்தது. அந்தப் பாதையும் அந்தத் தண்ணீரும் இல்லாத ஊர் இந்த ஐடியாவை அப்படியே காப்பியடித்தால், கடைசியில் ஒரு கூப்பன்தான் மிஞ்சும்.

இடிக்கிற இடம்

சரி, கணக்குக்கு வருவோம். விமானத்தில் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தவர், ஊருக்குள் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தால் பூமிக்கு எவ்வளவு மிச்சம்? அவருடைய பயணத்தில் பெரும்பங்கு கார்பன், ஊருக்குள் நுழையும் முன்பே காற்றில் கலந்துவிட்டது.

கோபன்ஹில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அது குப்பையை எரித்து மின்சாரமும் வெப்பமும் தயாரிக்கும் ஆலை. அதன் கூரைதான் பனிச்சறுக்குச் சரிவு. அந்த ஆலையின் புகையிலிருந்து கார்பனைப் பிடித்துவிடலாம் என்று நம்பித்தான், '2025-க்குள் கார்பன் சமநிலை' என்ற பெரிய இலக்கை நகரம் வைத்திருந்தது. அதற்கான நிதி கைகூடவில்லை. 2022-ல் அந்த இலக்கையே கைவிட்டது. ஆக, டூரிஸ்ட்டுக்குப் பரிசு தருகிற அதே கட்டடம்தான், நகரம் கோட்டைவிட்ட இடமும்கூட.

அப்போ இதெல்லாம் வெறும் விளம்பரமா? முழுசா அப்படிச் சொல்லிட முடியாது. 2025-ல் செய்த ஒரு மாற்றம் கவனிக்க வேண்டியது. ரயிலில் வந்தாலோ, நாலு நாளோ அதற்கு மேலோ தங்கினாலோ, இலவச சைக்கிள் போன்ற சலுகைகள் என்றார்கள். ஊருக்குள் எப்படிச் சுற்றுகிறீர்கள் என்பதோடு, ஊருக்கு எப்படி வருகிறீர்கள் என்பதையும் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். சரியான கேள்வி அதுதான்.

அதற்கான விடை சலுகையில் மட்டும் இல்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து கோபன்ஹேகனுக்கு ரயிலில் வர இப்போது ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. இரு நாடுகளுக்கும் நடுவே கட்டிவரும் 18 கிலோமீட்டர் கடலடிச் சுரங்கம் திறந்தால், அது சுமார் இரண்டரை மணி நேரமாகிவிடும். விமானத்தை விட்டு ரயிலுக்கு ஆட்களை இழுக்கும் வலு அதற்குத்தான் உண்டு.

வாளியோடு படகில் போனவர் ஊரையே சுத்தமாக்கிவிடுவதில்லை. ஆனா, தான் போட்ட குப்பையை யார் எடுக்கிறாங்கன்னு ஒரு தடவையாவது யோசிச்சிருப்பார். கோபன்பேவால் அவ்வளவுதான் முடியும். மிச்சத்தை ரயில் பாதைதான் செய்யணும்.