பவுனுக்கு அளவு கிராமா, ரூபாயா?

தாராவியிலும் மாஹிமிலும் செம்பூரிலும் உள்ள நம் குடும்பங்களில், வளைகுடா நாட்டுக்கு மகனையோ மருமகனையோ அனுப்பிய வீடுகள் பல. துபாயிலும் குவைத்திலும் வெயிலில் வெந்து சம்பாதித்தவன், ஊர் திரும்பும்போது தங்கைக்கு ஒரு சங்கிலியும் மனைவிக்கு இரண்டு வளையலும் வாங்கி வருகிறான். இதை ஆடம்பரம் என்பவர்கள் நம் வாழ்க்கையை அறியாதவர்கள். பிள்ளையின் படிப்பானாலும் ஆஸ்பத்திரிச் செலவானாலும், அவசரத்துக்கு அடகு வைக்க நம்மிடம் இருப்பது பவுன் ஒன்றுதான். ஆகவே, அந்தப் பவுனைச் சுங்க இலாகா எந்தக் கோலால் அளக்கிறது என்பது நம் வயிற்றைத் தொடும் கேள்வி.

1991இல் திருத்திய நகை வரம்பை 22 ஆண்டுகள் யாரும் தொடவில்லை. 2013 பட்ஜெட்டில்தான் நிதி மந்திரி ப. சிதம்பரம் அதை ஆணுக்கு 50,000 ரூபாய், பெண்ணுக்கு 1 லட்சம் ரூபாய் என்று உயர்த்தினார். பயணிகள் துன்புறுத்தப்படுவதாகப் புகார் வருகிறது என்று அந்த உரையிலேயே சொன்னார். 2016ஆம் ஆண்டு விதிகள் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் என்று எடையையும் சேர்த்தன. ரூபாய் வரம்போ அப்படியே நின்றது. 2025இல் பத்து கிராம் தங்கத்தின் விலை ஒரு லட்சத்தைத் தாண்டியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பெண்ணுக்கு ஐந்து பவுன் என்று விதி சொன்னது. நடைமுறையில் ஒன்றேகால் பவுன்கூடத் தேறவில்லை. உழைப்பாளி எதையும் கூட்டி எடுத்து வரவில்லை. விலை ஏறியதே அவனைக் குற்றவாளி ஆக்கியது!

ரயில்வேயில் ஸ்லீப்பர் வகுப்புப் பயணி 40 கிலோ சாமான் இலவசமாகக் கொண்டு போகலாம். மூட்டைக்குள் இருப்பதன் விலை என்ன என்று ரயில்வே கேட்பதில்லை; தராசில்தான் வைக்கிறது. அரிசி விலை ஏறினாலும் 40 கிலோ 40 கிலோவே. இந்த எளிய நியாயம் விமான நிலையத்துக்கு எட்ட எத்தனை ஆண்டுகள்!

உடம்பில் அணிந்த நகையும் தப்பவில்லை. 2023 டிசம்பரில் சென்னை விமான நிலையத்தில், இலங்கையிலிருந்து வந்த ஒரு புதுமணப் பெண்ணின் தாலிச் சங்கிலியையும் வளையல்களையும் அதிகாரிகள் பறிமுதல் செய்தனர். அணிந்து வரும் நகை பயணச் சாமான் ஆகாது என்று கூறி, அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி 2025இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார். தாலியை மீட்க ஒரு பெண் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

2026 பிப்ரவரியில் வந்த புதிய விதிகள் நகைக்கான ரூபாய் வரம்பை நீக்கி, 20 கிராம், 40 கிராம் என்ற எடையை மட்டும் வைத்திருக்கின்றன. இதை வரவேற்கிறோம். ஆனால் குறை தீர்ந்துவிடவில்லை. மற்ற சாமான்களுக்கான சலுகை 50,000 ரூபாயிலிருந்து 75,000 ஆகியிருக்கிறது. அதுவும் ரூபாய்க் கணக்குதான். விலைவாசி அதையும் தின்னும். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவருக்கே நகைச் சலுகை என்ற நிபந்தனையும் நீடிக்கிறது. தகப்பன் சாவுக்கு எட்டாம் மாதமே ஓடி வருகிறவன் என்ன செய்வான்?

கிலோ கணக்கில் கடத்துகிறவனைப் பிடிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவனுக்கு வைக்கும் வலையில் கூலிக்காரன் விழக்கூடாது என்கிறோம். விலைவாசிக்கேற்ப வரம்பை ஆண்டுதோறும் திருத்த வேண்டும். சாவு, நோய் போன்ற அவசரங்களுக்கு ஓராண்டு நிபந்தனையைத் தளர்த்த வேண்டும். விதிகளைத் தமிழிலும் எழுதி விமான நிலையத்தில் ஒட்ட வேண்டும்.

நாமும் செய்ய வேண்டியது உண்டு. நகையோடு வெளிநாடு போகிறவர்கள், புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். திரும்பும்போது ரசீதைக் கையில் வையுங்கள். வரம்புக்கு மேல் இருந்தால் சிவப்பு வழியில் சென்று உண்மையைச் சொல்லுங்கள். தீர்வை கட்ட வழியில்லை என்றால், 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி, பொருளை அவர்களிடமே வைத்துவிட்டு வெளிநாடு திரும்பும்போது பெற்றுக்கொள்ளக் கேட்கலாம். எழுத்தில் ரசீது வாங்காமல் நகராதீர்கள். எவ்வளவு நெருங்கியவர் கொடுத்தாலும், பிறர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் சுமக்காதீர்கள்.

நம் பிள்ளைகள் தலைகுனிந்து நுழைய வேண்டிய வாசல் அல்ல விமான நிலையம். விதியைத் தெரிந்துகொண்டு, வியர்வையில் சம்பாதித்த பவுனோடு நிமிர்ந்து வரட்டும்!