தாய் சொல்லட்டும், மகள் எழுதட்டும்

வேலைக்குப் போகும் தாயைப் பற்றி இப்போது பத்திரிகைகளில் நிறைய எழுதுகிறார்கள். குழந்தையையும் அலுவலகத்தையும் எப்படிச் சமாளிப்பது, மகப்பேற்று விடுமுறை முடிந்து போனால் பழைய பதவி கிடைக்குமா என்றெல்லாம் கட்டுரைகளும் நாவல்களும் வருகின்றன. எழுதட்டும், நல்லதுதான். ஆனால் இதை 'நவீன காலத்துப் பிரச்சினை' என்று சொல்லும்போது நமக்குச் சிரிப்புத்தான் வருகிறது. நம் பாட்டிமார் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்து மலைக்கு ஏறியது நேற்றா, முந்தாநாளா? தாயும் தொழிலாளியும் ஒரே ஆளாக இருப்பது தோட்டத்தில் நூறு வருடத்துக்கும் மேலான கதை. எழுதியவர்கள்தான் குறைவு.

காரணம் தெரிந்ததுதான். மலையிறங்கி, கொழுந்து நிறுத்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைத் தூங்க வைத்த பிறகு எந்தத் தாய் பேனா பிடிப்பாள்? பலருக்குப் பேனா பிடிக்கவே யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் வை.மு.கோதைநாயகி அம்மாளை நினைத்துப் பார்க்க வேண்டும். 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. கதை சொல்லத் தெரியும், சரளமாக எழுத வராது. தன் முதல் நாடகமான 'இந்திரமோகனா'வை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படித் தொடங்கியவர் பிறகு தாமே எழுதப் பழகி, 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று, முப்பது வருடத்துக்கு மேல் நடத்தினார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். ஒரு மகனுக்குத் தாயாகவும் இருந்தார், விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். அவருக்குக் கணவர் துணை நின்றார் என்பதையும் சொல்ல வேண்டும். துணையில்லாமல் எந்தத் தாயும் எழுதியதில்லை. எழுதத் தெரியாவிட்டாலும் சொல்லத் தெரிந்தால் போதும், எழுத ஒரு கை கிடைத்தால் போதும் என்பதுதான் அவர் வாழ்க்கையில் நமக்குள்ள பாடம்.

நம் சங்க வரலாற்றிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போன மீனாட்சியம்மாள் பத்திரிகையிலும் எழுதினார், கூட்டங்களில் பாடவும் செய்தார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் காது இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"எழுதினால் வயிறு நிறையுமா? சங்கம் சம்பளத்தைப் பேசட்டும்" என்று சில அண்ணன்மார் கேட்பார்கள். சம்பளத்தைத்தான் பேசுகிறோம் அண்ணன்.

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது. 2018இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் 84 நாள் விடுமுறை உண்டு. அதற்கு முன் மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள்தான். அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு, வேலை நேரத்தில் பால் கொடுக்க இரண்டு இடைவேளை தர வேண்டும். வேலைத்தலத்தில் பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இல்லையென்றால் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இது சாப்பாட்டு இடைவேளையில் கழிக்கிற நேரம் அல்ல.

இப்போது கணக்குப் பாருங்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்க இறங்கி ஏறினால் கொழுந்து குறையும். கிலோ குறைந்தால் அரைப்பேர். சட்டம் தந்த இடைவேளையைத் தராசு பிடுங்கிக்கொள்கிறது. அரைப்பேருக்குப் பயந்து தாய் இறங்காமல் இருந்தால், "நாங்கள் தடுக்கவில்லையே, அவர்தான் போகவில்லை" என்று நிர்வாகம் சொல்லும். தொழில் அலுவலகத்தில் போய் நின்றால் அவர்கள் பக்கம் செக்ரோல் இருக்கிறது. நம் பக்கம் கண்ணீர் மட்டும் இருந்தால் போதுமா? எந்தத் தேதி, எத்தனை மணிக்கு இறங்கினாள், எத்தனை கிலோ குறைந்தது, யார் என்ன சொன்னார் என்று ஒரு கொப்பியில் இருந்தால் அதுவே சாட்சி. தாயின் கதையை எழுதுவது பொழுதுபோக்கு அல்ல என்று சொல்வது இதனால்தான்.

திருகோணமலைப் பக்கம் இருக்கும் நமக்கு இது இன்னும் அவசரம். 1977லும் 1983லும் நடந்த வன்செயல்களில் தோட்டத்தை விட்டு இந்த மாவட்டத்துக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் எத்தனை! அந்தப் பெண்களின் பிள்ளைகளும் பேத்திகளும் இன்று வயலில், கட்டிட வேலையில், டவுன் கடைகளில், அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் நிற்கிறார்கள். சீனக்குடா ஆலையில் அரைத்த மாவு மலையில் லயத்து அடுப்புவரை போய் ரொட்டியாகிறது. மலையில் பேருக்காவது இருக்கும் செக்ரோலும் பிள்ளைக் காம்பராவும் இங்கே நாட்கூலிக்குப் போகும் தாய்க்குக் கிடையாது. பேர் பதியாத இடத்தில் எந்தச் சட்டத்தைக் காட்டி எதைக் கேட்பது?

சிலர் கடல் கடந்து போகிறார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போகக் கூடாது என்று 2013இல் விதி போட்டார்கள். தகப்பனுக்கு அப்படி ஒரு விதி இல்லை. போகாமல் இங்கேயே இருந்து பிள்ளையை வளர்க்க என்ன வழி என்பதும் அந்த விதியில் இல்லை. தாயைப் பற்றி எழுதுகிறவர்கள் தாயிடம் கேட்காமல் எழுதினால் இப்படித்தான் வரும்.

ஆகவே சங்கத்திடம் ஒரு கோரிக்கை. இந்தச் செய்திமடலில் மாதம் ஒரு பக்கத்தை வேலை செய்யும் தாய்மாருக்கு ஒதுக்க வேண்டும். பயம் உள்ளவர்களின் பேரையும் தோட்டத்தின் பேரையும் போடத் தேவையில்லை. ஒவ்வொரு மாதர் குழுவிலும் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையைத் தெரிவு செய்து கையில் ஒரு கொப்பியைக் கொடுக்க வேண்டும். வருகிற விடயங்களில் சட்ட மீறல் எது என்று பார்த்துத் தொழில் அலுவலகத்துக்குக் கொண்டுபோவது சங்கத்தின் பொறுப்பாக இருக்க வேண்டும்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் தங்கச்சிமாரே, இந்த வேலையை உங்களிடம்தான் கேட்கிறோம். அம்மா சமைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உன்னைப் பெற்று எத்தனையாவது நாள் வேலைக்குப் போனாய் என்று முதலில் கேளுங்கள். அவர் சொல்கிற பதிலை அவர் சொல்கிறபடியே எழுதுங்கள்.