ஸ்ட்ராபெர்ரிய விடுங்க, கொய்யாவுல ஜாம் போட்டுப் பழகுங்க

ஜாம் போடக் கத்துக்கணும்னு ஆசைப்படுற சென்னைக்காரங்க முதல்ல போய் வாங்குறது ஸ்ட்ராபெர்ரி. எங்கயோ குளிர் ஊர்ல விளைஞ்சு, டப்பாவுல அடைச்சு வந்து, பெரிய விலைக்கு விக்கிற பழம். பழகுற கைக்கு அது ஏத்த பழமே இல்லங்கிறது என் கருத்து. ஜாம் இறுகுறதுக்குப் பழத்துல பெக்டின்னு ஒரு பசைப் பொருள் வேணும். ஸ்ட்ராபெர்ரியில அது குறைவு. கொய்யாவுல நிறைய. ஸ்ரீபெரும்புதூர் ஒரகடம் ரோட்டோரம் தள்ளுவண்டியில குவிஞ்சு கிடக்கிற அந்தக் கொய்யாவ வாங்கிட்டுப் போய்ப் போட்டுப் பாருங்க, முதல் தடவையே கெட்டியா வரும்.

இதை நான் சும்மா சொல்லல, எனக்கும் இதுல ஒரு சுயநலம் இருக்கு. அதைக் கடைசியில சொல்றேன்.

முதல்ல செய்முறை. ஒரு கிலோ பழம்னா முக்கால் கிலோ நல்லாப் பழுத்தது, கால் கிலோ செங்காய். செங்காய் எதுக்குன்னா, பழம் பழுக்கப் பழுக்க அந்தப் பெக்டின் உடைஞ்சு போயிடும். அதனாலதான் பழம் குழையுது. பழுத்தது வாசனைக்கு, செங்காய் இறுகுறதுக்கு. தோலைச் சீவாதீங்க, தோலுலயும் பசை இருக்கு. கழுவி, நறுக்கி, பழம் பாதி மூழ்குற அளவு தண்ணி விட்டு, மூடி வச்சு இருபது நிமிஷம் வேக விடுங்க. ஆறினதும் சல்லடையில போட்டுக் கரண்டியால தேய்ச்சா சதை கீழ இறங்கும், விதை மேல தங்கும். மிக்ஸியில அடிக்காதீங்க. விதை உடைஞ்சு வாயில மணல் மாதிரி நெறநெறன்னு இருக்கும்.

இறங்கின சதைய எடை போடுங்க. ஒரு கிலோ சதைக்கு முக்கால் கிலோ சர்க்கரை, ரெண்டு எலுமிச்சம்பழச் சாறு. புளிப்பு ருசிக்கு மட்டும் இல்ல, புளிப்பு இல்லாம பெக்டின் பிடிக்காது. பப்பாளியில ஜாம் போட்டு அல்வா மாதிரி ஆயிடுச்சுன்னு சொல்றவங்க பெரும்பாலும் எலுமிச்சைய விட்டவங்கதான். பப்பாளிக்குப் புளிப்பே கிடையாது, நாமதான் கொடுக்கணும்.

அகலமான, அடி கனமான பாத்திரத்துல வச்சுக் கிண்டுங்க. அகலம் முக்கியம். தண்ணி சீக்கிரம் வத்தணும், ரொம்ப நேரம் கொதிச்சா பெக்டினும் கெடும், நிறமும் கறுக்கும். ஒரே தடவையில அஞ்சு கிலோ போடுற வேலையும் இதனாலதான் வேண்டாங்கறேன். கெட்டியானா எரிமலை மாதிரி பொத்துப் பொத்துன்னு கையில தெறிக்கும், நீளக் கரண்டி வச்சுக்கங்க. குழந்தைங்கள அடுப்புகிட்ட விடாதீங்க.

எப்ப இறக்குறதுங்கறதுலதான் எல்லாரும் தடுமாறுறாங்க. தெர்மாமீட்டர் வச்சிருக்கறவங்க 105 டிகிரியில இறக்கலாம். எனக்குப் பிடிச்சது தராசுக் கணக்கு. போட்ட சர்க்கரையோட எடைக்கு ஒண்ணரை மடங்கா மொத்த ஜாம் வத்தி வந்தா பதம். முக்கால் கிலோ சர்க்கரைன்னா ஜாம் ஒண்ணே கால் கிலோவுக்குக் கொஞ்சம் கீழ, 1,125 கிராம். காலிப் பாத்திரத்த முன்னாடியே எடை போட்டு எழுதி வச்சுக்கிட்டா போதும், தராசு மேல ஒரு பலகை வச்சுச் சூடு படாம நிறுத்துக்கலாம். எடை கிட்ட நெருங்கும்போது, ஃப்ரீசர்ல வச்ச தட்டுல ஒரு சொட்டு விட்டு விரலால தள்ளுங்க. தண்ணியா ஓடினா இன்னும் கொஞ்சம் கிண்டணும். மேல சுருக்கம் விழுந்தா அடுப்ப அணைங்க.

கண்ணாடி பாட்டிலையும் மூடியையும் பத்து நிமிஷம் கொதிக்க வச்சு, ஈரம் போகக் காய வச்சு, சூடாவே ஊத்தி மூடுங்க. பிளாஸ்டிக் டப்பா வேண்டாம்.

இங்க ஒரு சண்டை வரும்னு தெரியும். "அவ்வளவு சர்க்கரையா?"ன்னு கேப்பீங்க. ஆமா, அவ்வளவுதான். மருந்து போடாம ஜாம் கெடாம இருக்குறதே சர்க்கரையால. பழத்துல இருக்குற தண்ணிய அது பிடிச்சு வச்சுக்குது, பூஞ்சைக்குக் குடிக்கத் தண்ணி கிடைக்கிறதில்ல. நம்ம நாட்டுச் சட்டமே ஜாம்ல கரைஞ்ச திடப்பொருள் 65 சதவீதமாவது இருக்கணும்னு சொல்லுது, அதுல பெரும்பங்கு சர்க்கரைதான். சர்க்கரைய பாதியா குறைச்சா அது பழக்கூழ். அதையும் சாப்பிடலாம், ஆனா ஃப்ரிட்ஜ்ல வச்சு ஒரு வாரத்துல தீர்க்கணும். உடம்புக்கு நல்லதுன்னு நினைச்சு ஜாம் சாப்பிடறதா இருந்தா, அதுக்குப் பதிலா பழத்தையே சாப்பிடுங்க. ஒரு ஸ்பூன் தொட்டுக்கறதுக்குத்தான் ஜாம்.

வெல்லம் போடலாமான்னு அடுத்த கேள்வி வரும். போடலாம். பழனி பஞ்சாமிர்தம் வேற என்ன? மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கல்கண்டு, ஏலக்காய், நெய், ஒரு சொட்டுத் தண்ணி சேர்க்கறதில்ல. 2019ல புவிசார் குறியீடு வாங்கின பண்டம் அது. இனிப்பு தண்ணியக் கட்டிப் போடுற அதே வித்தைதான். ஆனா வெல்லத்துல ஜாம் கறுப்பா வரும், கொய்யா வாசனை அமுங்கிப் போகும், தராசுக் கணக்கும் சரியா நிக்காது. விளாம்பழத்துக்கு வெல்லம் பொருந்தும். இலங்கையில விளாம்பழ ஜாம் கடைக்குக் கடை பாட்டில்ல விக்குது. நமக்கு விநாயகர் சதுர்த்தி அன்னிக்கு மட்டும்தான் அந்தப் பழம் ஞாபகம் வருது.

இப்ப என் சுயநலம். எங்களுக்கு எந்தக் கூட்டம் போட்டாலும் மேடையில இருக்கறவர் சொல்ற வார்த்தை ஒண்ணு உண்டு, "மதிப்புக் கூட்டல்". பழத்தை அப்படியே விக்காதீங்க, ஜாம் போட்டு வித்து லாபம் பாருங்கன்னு. நான் கணக்குப் போட்டேன். ஒரு கிலோ கொய்யாவ 20 ரூபாய்னு வச்சுக்குவோம். அதுல தேறுறது கால் கிலோ பாட்டில் மூணு, மூணரை. சர்க்கரை 27 ரூபாய், எலுமிச்சை 10, பாட்டில் ஒண்ணு 15னாலும் 60 ரூபாய். பழத்தை விட பாட்டில் மூணு மடங்கு. அப்புறம் கேஸ், ரெண்டு மணி நேரம் நின்னு கிண்டுற ஆள் கூலி, உணவுப் பாதுகாப்புப் பதிவு, லேபிள், கொண்டு போய்க் கொடுக்குற செலவு. இதெல்லாம் போட்டு, கடை அலமாரியில கம்பெனி ஜாம் பக்கத்துல நம்ம பாட்டில் நிக்கணும். குழுவா சேர்ந்து நல்லாச் செய்யறவங்க இருக்காங்க, இல்லேங்கல. ஆனா அரை ஏக்கர் கொய்யா வச்சிருக்கறவன் காலையில பறிச்சு, மத்தியானம் ஜாம் கிண்டி, சாயங்காலம் வியாபாரியும் ஆகணும்னு சொல்றது நியாயமா?

நீங்க வீட்டுல போட்டா இந்தச் செலவுல பாதி கிடையாது. பாட்டில் உங்க வீட்டுலயே காலியாக் கிடக்கு, கூலி கிடையாது, லேபிள் வேண்டாம்.

எங்க வல்லம் வடகால்ல 2024 ஆகஸ்ட்ல தொழிற்சாலைப் பொண்ணுங்களுக்கு 18,720 பேர் தங்குற விடுதி திறந்தாங்க. ஷிப்ட் முடிஞ்சு வர்ற பிள்ளைங்க உப்பும் மிளகாய்த்தூளும் தூவின கொய்யாவ விரும்பி வாங்குறாங்க. நல்ல வியாபாரம்தான். ஆனா கையில வச்சுக் கடிச்சுத் தின்கிற பழம் பார்க்க அழகா இருக்கணும். தோல்ல தழும்பு இருக்குறது, கோணலா இருக்குறது, ஒரு பக்கம் சொரசொரன்னு இருக்குறது எல்லாம் ஒதுங்கிடும். மொத்த வியாபாரியும் அதைத் தொட மாட்டான். மாட்டுக்குப் போடுறோம், மிச்சம் மரத்தடியில மக்குது. ஜாமுக்குத் தழும்பும் தெரியாது, கோணலும் தெரியாது. அந்தப் பழத்துக்கு ஆள் வேணும், அதான் கேக்குறேன்.

அதனால அடுத்த தடவை இந்தப் பக்கம் கார்ல வந்தா, வண்டிக்காரம்மாகிட்ட "ஜாமுக்குத் தழும்புப் பழம் இருக்காம்மா?"ன்னு கேளுங்க. விலை குறைச்சுத் தருவாங்க, ரொம்பவும் அடிச்சுப் பேசாதீங்க. அழுகலை வாங்காதீங்க, தழும்பு வேற அழுகல் வேற. மழைக்காலப் பழமா இருந்தா ஒவ்வொண்ணையும் ரெண்டா நறுக்கிப் பார்த்துப் போடுங்க, பழ ஈ முட்டை வச்சு உள்ள புழு இருக்கும். கூடவே நாலு செங்காயும் கேட்டு வாங்கிக்கங்க.