‘ரொம்ப அமைதியான ஏரியா சார்!’: அந்த அமைதிக்குச் சட்டத்தில் என்ன கணக்கு?

வாடகைக்கு வீடு தேடிய எல்லோருக்கும் இந்த வசனம் பழக்கம்தான். “ரொம்ப அமைதியான ஏரியா சார். ராத்திரி எட்டு மணிக்கு மேல ஈ, காக்கா இருக்காது.” புரோக்கர் பொய் சொல்வதில்லை. நங்கநல்லூர், மந்தைவெளி, பெசன்ட் நகர் உள்தெருக்களில் இன்றும் அப்படித்தான். அந்த அமைதிக்காகவே மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் கூடுதலாகக் கொடுத்துக் குடிபோகிறோம்.

மூன்றாவது மாதம், பக்கத்துத் தனிவீட்டை இடிக்க ஆரம்பிப்பார்கள். அடுக்குமாடி வரப்போகிறதாம். முதலில் பிரேக்கர், அப்புறம் போர்வெல் வண்டி, அப்புறம் ஒன்றரை வருஷத்துக்கு கான்கிரீட் மிக்சர். பகலில் லாரிகளுக்கு நகருக்குள் கட்டுப்பாடு என்பதால் ஜல்லியும் கம்பியும் நடுராத்திரியில்தான் வந்து இறங்கும்.

நாம் காசு கொடுத்து வாங்கிய அமைதி வாடகை ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. சட்டத்தில் இருக்கிறது, அதுவும் எண்களாகவே.

55, 45… அப்புறம் ஒரு 10

ஒலி மாசு விதிகள் 2000-ன்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் வரைதான் சத்தம் இருக்கலாம். பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசுவதே ஏறக்குறைய 60 டெசிபல் என்பதால், காகிதத்தில் இது கறாரான விதி.

ஆனால் இரண்டு சிக்கல்கள். ஒன்று, இந்த எண்கள் ஒரு நொடியின் அளவு அல்ல, நேரச் சராசரி. சைலன்சரை மாற்றிய பைக் ஒன்று இரவு ஒரு மணிக்குத் தெருவையே எழுப்பிவிட்டுப் போனாலும் சராசரி பெரிதாக மாறாது. இரண்டு, சத்தத்தின் அளவை வைத்துப் புகார் கொடுக்க, வரம்பைவிட 10 டெசிபலாவது கூடியிருக்க வேண்டும். 10 தானே என்று நினைக்க வேண்டாம். டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலி ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். ஆக, இரவுக்கான 45 நடைமுறையில் 55 ஆகிவிடுகிறது.

அதை அளப்பது யார்? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கி ஒலி அளவீட்டு நிலையங்கள் சென்னை முழுக்க பத்து இடங்களில்தான் நிறுவப்பட்டன. உங்கள் தெருவில் இருக்க வாய்ப்பில்லை. போனில் இருக்கும் ஆப் காட்டுவது தோராயமான கணக்கு.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. இரவு நேரத் தடைகளை மீறினால், டெசிபல் கணக்கே இல்லாமல் புகார் கொடுக்கலாம் என்று அதே விதி சொல்கிறது. இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்கக் கூடாது. அவசரம் தவிர ஹார்ன் கூடாது, வெடி கூடாது, திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. “சத்தம் அதிகம் சார்” என்பதைவிட “மணி 11.20, மிக்சர் ஓடுது” என்பது வலுவான புகார். நேரம் தெரியும்படி ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு 100 அல்லது 112-ஐ அழைக்கலாம்.

திருவிழாவுக்கு? ஆண்டுக்கு மொத்தம் 15 நாட்கள் வரை, இரவு 12 மணி வரை ஒலிபெருக்கிக்கு மாநில அரசு தளர்வு தரலாம். மார்கழி அதிகாலை நாலரை மணிக்கு இந்தத் தளர்வு பொருந்தாது. எந்த மதத்து வழிபாட்டுத் தலமானாலும் இதுதான் விதி. தெருவில் இதை யார் வாய் திறந்து சொல்வது என்பது வேறு விஷயம்.

பகலில் தூங்குகிறவர்கள்

விதி கண்டுகொள்ளாத ஒரு கூட்டம் உண்டு. அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டு காலை 7 மணிக்குப் படுக்கிற ஐடி, பிபிஓ ஊழியர்கள், இரவுப் பணி முடித்து வரும் செவிலியர்கள். அவர்களின் இரவு, சட்டத்துக்குப் பகல். மேல் வீட்டில் டைல்ஸ் அறுப்பது காலை 9 மணிக்கு என்றால் அது வேலை நேரம், அவ்வளவுதான். அமைதியான தெருவில் இது இன்னும் கொடுமை. மெயின் ரோட்டின் இரைச்சலில் கரைந்துபோகும் சத்தம், சுற்றிலும் நிசப்தமாக இருக்கும் இடத்தில் தனியாகக் கேட்கும்.

சட்டத்தைவிடப் பெரிய தடை தெருவுக்குள்ளேயே இருக்கிறது. இருபதே வீடுகள் உள்ள தெருவில் யார் போன் பண்ணினார்கள் என்பது காலைக்குள் தெரிந்துவிடும். வாடகைக்காரர் என்றால், “கொஞ்ச நாள்தானே தம்பி, அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதா?” என்று வீட்டு ஓனரே கேட்பார். அவருக்கும் தன் வீட்டை ஒருநாள் புரோமோட்டரிடம் கொடுக்கும் யோசனை இருக்கலாமே! அதனால், தனியாகப் போகாமல் நாலு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு முதலில் கட்டுமான மேஸ்திரியிடம் பேசிப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் லாரி வரும் நேரமாவது மாறும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு வேலைநாள் காலை 11 மணிக்கும், ஒருநாள் இரவு பத்தரைக்கும் அந்தத் தெருவில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் பூட்டிக்கிடக்கும் பழைய தனிவீடுகள் இருந்தால், அவை யார் பெயரில், என்ன நிலையில் இருக்கின்றன என்று எதிர்வீட்டில் விசாரியுங்கள். புரோக்கரிடம் வேண்டாம்.