மீட்டர் கேட்காத வெடிச்சத்தம்

அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலோ பெரம்பலூர் கல்குவாரியிலோ வெடி வைத்தால், ‘வீடே அதிருது’ என்பார்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். மீட்டரோ ‘அளவுக்குள்தான் இருக்கு’ என்று காட்டலாம். இரண்டுமே பொய்யில்லை.

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல். ஆனால், அது சராசரிக் கணக்கு. 90 டெசிபல் வெடிச்சத்தம் ஒரு நொடி மட்டும் கேட்டால், 16 மணி நேரப் பகலின் சராசரியில் அதன் பங்கு சுமார் 42 டெசிபல்தான். காதோ சராசரி பார்க்காது. திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடும்.

மேலும், விதி சொல்லும் ‘ஏ’ அளவுகோல், காதுக்கு மந்தமாகக் கேட்கும் அடித்தொனியைக் குறைத்தே கணக்கிடும். ஜன்னலை ஆட்டுவதோ அதே அடித்தொனிதான்.

எனவே சராசரி மட்டும் போதாது. ஒவ்வொரு வெடியின் உச்ச ஒலியையும் தரை அதிர்வையும் ஊராட்சி அலுவலகத்தில் எழுதிப் போடட்டும்.