இரண்டு பிரதி, ஒரே வாசகம்

சென்ற பெருநாள் விடுமுறையில் பிள்ளைகளின் கரைச்சல் தாங்காமல் வேன் ஒன்று பிடித்துத் திருகோணமலைக்குப் போனோம். முன்பெல்லாம் வாகரை, வெருகல் வழியாகப் போவதென்றால் துறைக்குத் துறை பாதைக்குக் காத்திருந்தே பொழுது போய்விடும். 2009இல் கிண்ணியாப் பாலமும் திறக்கப்பட்ட பிறகு அந்தக் கஷ்டம் இல்லை.

பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டினால் மான்கள் ஆட்களுக்குப் பயமில்லாமல் மேய்கின்றன. ஏறிப் போனால் கடலுக்கு மேலே செங்குத்தான மலை. அதன் உச்சியில் திருக்கோணேஸ்வரம். பழைய கோயிலை 1622இல் இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களையும் சேர்த்தே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். தமிழ்ச் சகோதரர்களுக்கு அது இன்றும் ஆறாத வலி. 1639இல் ஒல்லாந்தர், 1782இல் பிரான்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர் என்று கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது.

மலை விளிம்பில் நின்று மகன் கேட்டார்: "வாப்பா, எங்கட ராசாக்களால இதைத் திருப்பி எடுக்க ஏலாமப் போனது ஏன்?"

பீரங்கியும் கப்பலும் ஒரு காரணம்தான். மற்றக் காரணம் நமது வாவிக்கரையில், புளியந்தீவுக் கோட்டையில் இருக்கிறது. 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து இலங்கையில் முதலில் பிடித்த கோட்டை அது. அந்த மே மாதமே மட்டக்களப்பில் வைத்துக் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் அவர்களோடு ஒப்பந்தம் செய்தான். போர்த்துக்கேயரைத் துரத்த ஒல்லாந்தர் உதவுவது. அந்தச் செலவை மன்னன் கறுவா முதலிய பொருட்களாகக் கொடுப்பது. பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிற்பது பற்றிய வாசகத்தில்தான் விஷயம் இருந்தது. மன்னனிடம் இருந்த பிரதியில் 'மன்னர் விரும்பினால்' என்று இருந்தது. ஒல்லாந்தர் பிரதியில் அந்தச் சொல் இல்லை!

1640இல் காலியும் நீர்கொழும்பும் பிடிபட்டபோது மன்னன் கோட்டையைக் கேட்டான். அவர்கள் செலவுக் கணக்கை நீட்டினார்கள். அந்தக் கணக்கு தீரவேயில்லை. 1658இல் போர்த்துக்கேயர் முற்றாகப் போனார்கள். ஒல்லாந்தர் 1796 வரை இருந்தார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்களவர்கள் இதைத்தான் சொல்வார்கள்.

ராசாவுக்கே இந்தக் கதி என்றால் நம்மைப் போன்ற கடைக்காரர் எம்மாத்திரம்? இருபது வருடத்துக்கு முன் நானும் ஒரு நண்பரும் கூட்டாக லொறி ஒன்று எடுத்து இறால் ஏற்றினோம். எழுத்து எதுவும் இல்லை. "பிறகு பார்த்துக்கொள்ளுவம் காக்கா" என்றார், நானும் தலையாட்டினேன். இன்ஜின் பழுதானபோது என் கைக்காசைப் போட்டுச் செய்தேன். அது என் பங்குக்குச் சேரும் என்று நான் நினைத்தேன். அது கைமாற்று என்று அவர் நினைத்தார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அவருடைய உம்மா மௌத்தானபோதுகூட நான் போகவில்லை. போன காசை மறந்துவிட்டேன். அந்த வெட்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

கூட்டாளியிடம் எழுத்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி மார்க்கம் சொல்லியிருப்பதை ஜும்ஆவில் கேட்கிறோம். கடைக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம். எழுதுவது சந்தேகத்தால் அல்ல. இன்றைக்கு இருவருக்கும் இருக்கும் ஒரே நினைவை அப்படியே வைத்துக்கொள்ளத்தான்.

எழுதும்போது இரண்டு பிரதி எழுதுங்கள். இருவருக்கும் விளங்கும் மொழியில் இருக்கட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சத்தமாக வாசித்து, பக்கத்துக்குப் பக்கம் இருவரும் ஒப்பமிடுங்கள், சாட்சிகளும் இருக்கட்டும். இலாபப் பங்கை மட்டும் எழுதினால் போதாது. எதிர்பாராத செலவு வந்தால் யார் போடுவது, அது பங்கா கடனா, ஒருவர் விலகினால் சாமான் யாருக்கு என்பதையும் எழுதுங்கள். சண்டை பிடிப்பது அந்த இடத்தில்தான்.

மகன் இப்போது சிநேகிதர் ஒருவரோடு சேர்ந்து ஹார்ட்வெயார் கடை போடப் பார்க்கிறார். எழுத்து வேண்டாம் என்று ஒரு மாதமாக என்னோடு வாதாடியவர். திரும்பி வரும் வழியில், கிண்ணியாப் பாலத்தில் வைத்துக் கேட்டார்: "வாப்பா, நொத்தாரிசு எவ்வளவு எடுப்பார்?"

எவ்வளவு எடுத்தாலும் லொறி இன்ஜினை விடக் குறைவு என்று சொன்னேன்.