ஆம்பளைக்குப் பந்து, பொம்பளைக்குக் கத்தி

கோடை லீவில் காலனிப் பசங்களுக்குப் பத்து நாள் ஃபுட்பால் முகாம் போடுவோம். காலையில் ஆட்டம், பொழுது சாய உட்கார்ந்து உடம்பைப் பற்றி, கருத்தடை பற்றி, பால்வினை நோய் பற்றிப் பேச்சு என்று நாங்கள் சிலர் சொன்னதும் கம்பம் பள்ளத்தாக்கில் ரெண்டு பக்கத்திலிருந்தும் அடி. ஒரு பக்கம் பெரிய மனுஷர்கள்: "படிக்கிற பயலுகளைக் கெடுக்கப் பாக்குறீங்களா?" அவர்களுக்குப் பதில் சொல்ல இந்தப் பக்கங்களை வீணாக்க மாட்டேன். இன்னொரு பக்கம் நம்ம தோழர்கள்: "நிலம் இல்ல, சுடுகாட்டுக்குப் பாதை இல்ல, இதுல ஆணுறைப் பாடமா? இது என்ஜிஓக்காரன் வேலை." எனக்கு வழக்கு இவர்களோடுதான்.

தோழர்களே, போடிமெட்டு ஏறி மூணாறு போய்ப் பாருங்கள். அங்கே கொழுந்து கிள்ளுகிற கை பெரும்பாலும் நம்ம சனத்தின் கை. 1940களிலிருந்து அங்கே ஃபின்லே ஷீல்டு என்று எஸ்டேட்டுகளுக்கிடையே கால்பந்துப் போட்டி நடக்கிறது. வெள்ளைக்காரக் கம்பெனி தொடங்கி வைத்தது. தொழிலாளி ஆடுவான், மலையே திரண்டு வந்து பார்க்கும். ஆட்டத்தை நான் குறை சொல்லவில்லை, நல்ல ஆட்டம்.

ஆம்பளைக்குப் பந்து. பொம்பளைக்கு என்ன? மலை வேறே, தேயிலை ஒன்றுதான்: நீலகிரித் தோட்டங்களில் 1971இல் உபாசி என்ற தோட்ட முதலாளிகள் சங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெண் தொழிலாளி கர்ப்பமாகாத ஒவ்வொரு மாசத்துக்கும் அவள் பேரில் 5 ரூபாய் வரவு. பணம் உடனே கைக்கு வராது, பிள்ளை பெறும் வயசு தாண்டணும். கணக்குக்கு மேலே பெற்றால் அதிலும் வெட்டு. 1951ஆம் வருசத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி பேறுகாலச் செலவு முதலாளி தலையில் விழுந்ததே, அதை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை கரிசனம்! அவள் கர்ப்பப்பைக்குக் கணக்கு நோட்டு போட்டார்கள். கர்ப்பத்துக்குக் காரணமான ஆம்பளை பேர் அந்த நோட்டில் எங்கேயும் கிடையாது.

நோட்டு மாறியது, கணக்கு மாறவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வை எடுங்கள். இந்தியாவில் திருமணமான பெண்களில் 37.9 சதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். புருசன் செய்துகொண்டது 0.3 சதம். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் கத்திக்கு வயிற்றைக் காட்டியிருக்கிறார்கள். குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் விடியக்காலை ஏலத்தோட்ட ஜீப்பில் நெருக்கியடித்துப் போகிற அக்கா தங்கச்சிகளைக் கேளுங்கள், யாருக்கு ஆபரேஷன், வீட்டில் யார் முடிவு பண்ணியது என்று. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுத்தார்கள். பதின்மூன்று பேர் செத்தார்கள். ஏழைப் பெண்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு இப்படி முகாம் போடுவதையே மூன்று வருசத்துக்குள் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஆம்பளை ஒத்துக்க மாட்டான்" என்பார்கள். ஏன், 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே முகாமில் சுமார் 63 ஆயிரம் ஆண்கள் செய்துகொண்டார்களே! பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77இல் செய்த 83 லட்சம் ஆபரேஷனில் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு. பிடித்து இழுத்துப்போய்ச் செய்தார்கள், பிடிபட்டவன் இல்லாதவன். அந்தப் பயம் நியாயமான பயம். ஆனால் அதற்கப்புறம் அரசாங்கம் கண்டுபிடித்த வழி என்ன? ஆம்பளையை விட்டுவிட்டுப் பொம்பளை பக்கம் திரும்பிக்கொண்டது. நாமும் நிம்மதியாகச் சும்மா இருந்துவிட்டோம்.

"செஞ்சா பலம் போயிரும், மூட்டை தூக்க முடியாது" என்று நம்ம தெருவில் சொல்லாதவன் உண்டா? கால்மணி நேரம், மரத்துப்போக ஊசி, தையல்கூட இல்லாத முறை இருக்கிறது. ஒரு வாரம் கனத்த வேலை கூடாது. மூன்று மாசம் வரைக்கும் வேறு பாதுகாப்பு வேணும், விந்துப் பரிசோதனை பார்த்த பிறகுதான் நிச்சயம். ஆண்மைக்கோ உழைப்புக்கோ ஒரு குறையும் இல்லை. பொம்பளைக்கு வயிற்றைத் திறக்கணும். இவ்வளவுதான் விஷயம், இதைப் பதினெட்டு வயசுப் பையனுக்கு எவன் சொல்லியிருக்கிறான்? ப்ளஸ் டூ வாத்தியார் அந்தப் பாடத்தை 'வீட்டுல படிச்சுக்கோங்க' என்று தாண்டிப் போகிறார்.

இது என்ஜிஓ வேலை என்கிற தோழர்கள் நம்ம வரலாற்றைப் படிக்கணும். மராட்டிய மண்ணில் ஆர்.டி.கார்வே தன் பத்திரிகையில் பாலுறவு பற்றி வாசகர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதினார், ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். 1934இல் அவருக்காக வாதாடிய வக்கீல் யார்? பாபாசாகேப். 1938 நவம்பரில் பம்பாய்ச் சட்டசபையில் கருத்தடை வசதிக்காகத் தீர்மானம் கொண்டுவந்ததும் அவர் கட்சிதான், சபை தோற்கடித்தது. பெரியாரோ குடும்பச் சொத்துக்காக, நாட்டு நலத்துக்காக என்றெல்லாம் சுற்றி வளைக்கவில்லை. பெண் விடுதலைக்குக் கர்ப்பத்தடை என்றார். படத்துக்கு மாலை போடும்போது மட்டும் இவர்கள் நமக்கு வேண்டும்!

சரி, ஏன் பந்து? கூட்டம் போட்டால் பையன் வரமாட்டான். வந்தாலும் வாய் திறக்கமாட்டான். ஒரு மணி நேரம் வேர்க்க ஓடி, கூட ஆடுகிற அண்ணனோடு மண்ணில் உட்கார்ந்தால் கேட்பான். ஜிம்பாப்வேயின் புலவாயோவில் 2002இல் கால்பந்து ஆட்டக்காரர்களை வைத்தே எய்ட்ஸ் தடுப்புப் பாடம் தொடங்கினார்கள். கிராஸ்ரூட் சாக்கர் என்று பேர். மும்பையில் கிரிக்கெட் பயிற்சியாளர்களை வைத்து, பெண்ணை மதிக்கச் சொல்லிக் கொடுக்கிற வேலை நடந்திருக்கிறது. ஆள் கணக்கு எடுத்து, டீ ஷர்ட் கொடுத்து, போட்டோ பிடித்து, திட்டக்காலம் முடிந்ததும் மூட்டை கட்டுகிற முகாமை நானும் எதிர்க்கிறேன். சேரி உடம்பை நோயாகவும் எண்ணிக்கையாகவும் மட்டும் பார்க்கிற கண் அது. அதனால்தான் நாம் நடத்தணும் என்கிறேன்.

நாம் நடத்தினால் அவன் சொல்லமாட்டாததைச் சொல்லலாம். இங்கே நம்ம பையனுக்குக் காதல் உடம்பு விஷயம் மட்டுமில்லை, உயிர் விஷயம். 2015இல் கோகுல்ராஜ், 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை சங்கர். பெண்ணுக்குப் பதினெட்டு நிரம்பவில்லை என்றால் 2012ஆம் வருசப் போக்சோ சட்டம், அவளே இஷ்டப்பட்டு வந்தாலும். இது தெரியாமலே நம்ம பிள்ளைகள் ஜெயிலுக்குப் போகிறார்கள். அதோடு இன்னொன்றையும் சொல்லணும்: வேண்டாம் என்று அவள் சொன்னால் வேண்டாம்தான், கட்டின பொண்டாட்டியாக இருந்தாலும். மேல்சாதிக்காரன் நம்ம பெண்கள் மேல் கை வைத்தால் கொதிக்கிற நாம், நம்ம வீட்டுக்குள் அவள் வார்த்தைக்கு என்ன மதிப்புக் கொடுக்கிறோம்? 2015இல் மூணாறில் பொம்பிளை ஒருமை என்று பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சங்கத்து ஆம்பளைத் தலைவர்களைக் கிட்டவே சேர்க்கவில்லை. ஏன் என்று கொஞ்சம் யோசிக்கணும்.

வருகிற மே மாசம் முகாம். பந்து நாலு வாங்கியாச்சு. பேச வருகிறவர்களில் நர்ஸ் அக்கா ஒருத்தர் கட்டாயம் இருப்பார், ஆபரேஷன் செய்துகொண்ட ஆம்பளை ஒருத்தரையும் தேடிக்கொண்டிருக்கிறோம், இன்னும் அகப்படவில்லை. விஷயம் கேள்விப்பட்டுப் பெண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள், "எங்களுக்குப் பந்து இல்லையாண்ணே?" என்று. மைதானத்தில் பாதி அவர்களுக்கு என்று முடிவு பண்ணியிருக்கிறோம். அதற்கும் எதிர்ப்புக் கிளம்பியாச்சு, இந்த முறை நம்ம தெருவிலிருந்தே.